கயிற்றைப் பிடித்திருப்பவர்கள்

(கல்லறை மாதத்தையொட்டி வானொலியில் வழங்கிய மறையுரையின் எழுத்து வடிவம்)



இது நவம்பர் மாதம். இரண்டாம் தேதி கல்லறைத் தோட்டத்துக்குப் போனோம். புல் செதுக்கினோம், சுண்ணாம்பு அடித்தோம், பூமாலை சார்த்தினோம், மெழுகுதிரி ஏற்றினோம். குருவானவர் ஒவ்வொரு கல்லறையாக மந்திரித்துக்கொண்டு வரும்போது, போன ஆண்டு நம்மோடு நின்றவர்கள் சிலர் இந்த ஆண்டு மண்ணுக்குள் இருப்பதை எண்ணிக் கண் கலங்கினோம்.

நம் கடற்கரைக் கோவில்கள் எதற்குள் போனாலும் ஒரு நிமிடம் தலையைத் தூக்கிப் பாருங்கள். மின்விசிறியின் இறக்கையில் ஒரு பெயர் எழுதியிருக்கும். பிறந்த தேதி, இறந்த தேதி, கீழே மகன்கள், மருமகள்கள், பேரப்பிள்ளைகள். பெஞ்சின் முதுகில் ஒரு பெயர். ஒலிபெருக்கிப் பெட்டியில் ஒரு பெயர். நான் இதைக் குறை சொல்லவில்லை. அந்த விசிறிக் காற்றில் உட்கார்ந்து செபித்தவர்களில் நானும் ஒருவன். அன்பு தன் பெயரை எங்கேயாவது எழுதிவைக்கத் துடிக்கிறது. அது இயல்புதான்.

ஆனால் இன்று உங்களிடம் ஒரு கேள்வி கேட்க விரும்புகிறேன். இறந்துபோன நம் அம்மாவை, அப்பாவை, தங்கையை நினைப்பதென்றால் என்ன? அந்த நினைவு எங்கே போய்ச் சேர வேண்டும்?

இந்தக் கேள்வியை எனக்குக் கற்றுக்கொடுத்தது ஒரு மீன்காரத் தாயின் குடும்பம். பல ஆண்டுகளுக்கு முன்பு நான் ஒரு கடற்கரைப் பங்கில் இருந்தேன். பெயர் வேண்டாம். அந்தத் தாய் கணவரைக் கடலில் இழந்தவர். கூடை சுமந்து, தெருத் தெருவாக மீன் விற்றுப் பிள்ளைகளை ஆளாக்கியவர். வெற்றிலையும் புகையிலையும் போடுவார். கன்னத்தின் உள்ளே ஒரு புண் வந்தது. பல் குத்தியிருக்கும் என்று பல மாதங்கள் விட்டுவிட்டார். கடைசியில் மருத்துவரிடம் போனபோது புற்றுநோய் என்று சொல்லி, வெளியூர்ப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பினார்கள்.

சில வாரங்களில் அவர் ஊருக்குத் திரும்பிவிட்டார். சிகிச்சை முடிந்துவிட்டது போலும் என்று நான் நினைத்துக்கொண்டேன். முதல் வெள்ளிதோறும் நற்கருணை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போவேன். நோயில்பூசுதல் அருளடையாளம் கொடுத்தேன். தலையில் கைவைத்துச் செபித்தேன். எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டால், "மாதா பாத்துக்கிடுவா சாமி" என்பார். நானும் ஆமென் சொல்லிவிட்டு வந்துவிடுவேன்.

அவரை அடக்கம் செய்துவிட்டுக் கல்லறைத் தோட்டத்திலிருந்து திரும்பும் வழியில் மூத்த மகன் என்னிடம் சொன்னார்: "சாமி, அம்மா கரண்டு வைக்கிறதைப் பாதியிலேயே விட்டுட்டு வந்துட்டாவ. வைத்தியத்துக்குக் காசு கேக்கல சாமி. அங்க தங்குறதுக்கும் திங்கிறதுக்கும்தான் முடியல. நான் கூட இருந்தா இங்க தொழிலு போவுது. கடன்காரன் வாசல்ல நிக்கான். 'நாம வீட்டுக்குப் போவோம் மக்கா'ன்னு அம்மாதான் சொன்னாவ."

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. மாதம் தவறாமல் அந்த வீட்டுக்குப் போனவன் நான். குருமடத்தில் ஆண்டுக்கணக்கில் இறையியல் படித்தவன். நெற்றியில் எண்ணெய் பூசத் தெரிந்தது. "சிகிச்சை முடிந்துவிட்டதா? அங்கே எங்கே தங்கினீர்கள்? கூட யார் இருந்தார்கள்? செலவுக்கு என்ன செய்தீர்கள்?" என்று கேட்கத் தெரியவில்லை. கேட்டிருந்தால் அவர் பிழைத்திருப்பாரா என்பதை ஆண்டவர் ஒருவரே அறிவார். ஆனால் கேட்டிருக்க வேண்டும். அந்தப் பாரத்தை இன்றும் சுமக்கிறேன். என்னைப் போல இன்னொருவர் சுமக்க வேண்டாம் என்பதற்காகத்தான் இதை வானொலியில் சொல்கிறேன்.

அன்பார்ந்தவர்களே, தூய மாற்கு நற்செய்தி ஐந்தாம் பிரிவில் இரத்தப்போக்கினால் பன்னிரண்டு ஆண்டுகள் வருந்திய பெண்ணைப் பற்றி வாசிக்கிறோம். அவர் இயேசுவின் மேலுடையைத் தொட்டதை நாம் எல்லாரும் நினைவில் வைத்திருக்கிறோம். அதற்கு முன்னால் மாற்கு சொல்லும் செய்தியை அவ்வளவாகக் கவனிப்பதில்லை. மருத்துவர்கள் பலரிடம் போய்த் தமக்கு இருந்த எல்லாவற்றையும் அவர் செலவழித்திருந்தார். அப்படியும் குணமாகவில்லை, நிலைமை மோசமானதுதான் மிச்சம் என்று நற்செய்தியாளர் எழுதுகிறார். நோயோடு சேர்ந்து அந்த வீட்டின் வறுமையும் இறைவார்த்தையில் பதிவாகியிருக்கிறது. நற்செய்தியே அதைப் பொருட்படுத்தும்போது, பங்கு அதைக் கேட்காமல் இருக்கலாமா?

இன்று நிலைமை பெருமளவு மாறியிருக்கிறது என்பது உண்மை. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. அரசு மருத்துவமனைகள் இருக்கின்றன. ஆனால் கதிர்வீச்சுச் சிகிச்சை எப்படி நடக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். பல நோயாளிகளுக்கு வாரத்தில் ஐந்து நாள் வீதம், ஐந்து ஆறு வாரங்கள் கொடுக்கிறார்கள். ஒவ்வொரு நாளும் சில நிமிட வேலைதான். அந்தச் சில நிமிடங்களுக்காக ஒரு குடும்பம் ஒன்றரை மாதம் வெளியூரில் கிடக்க வேண்டும். நம் பகுதியிலிருந்து சிலர் திருவனந்தபுரத்துக்குப் போகிறார்கள். சிலர் முத்துநகர் எக்ஸ்பிரஸ் ஏறி, 600 கிலோமீட்டருக்கு மேல் கடந்து சென்னைக்குப் போகிறார்கள். வாடகை அறை, மூன்று வேளைச் சாப்பாடு, மருத்துவமனைக்குப் போய்வர ஆட்டோ, கூட இருப்பவரின் நாள்கூலி. மீன்பிடித் தடைக்காலமான 61 நாளில் நோய் தெரியவந்தால் கையில் என்ன இருக்கும்? உப்பளத்தில் நாள்கூலிக்கு வேலை செய்பவருக்கு ஒன்றரை மாத விடுப்பை யார் கொடுப்பார்கள்? மருந்து இலவசமாகக் கிடைத்தாலும், மருந்து இருக்கும் இடத்துக்குப் போய் அங்கே தாக்குப்பிடிக்க முடியாமல் எத்தனையோ பேர் திரும்பிவிடுகிறார்கள்.

இந்த இடத்தில் ஒரு பெண்மணியின் வாழ்வை உங்கள் முன் வைக்கிறேன். நம் தமிழ் மண்ணில் பிறந்தவர், டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. 1886இல் புதுக்கோட்டையில் பிறந்தார். பெண் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போவதே அரிதாக இருந்த காலத்தில் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து 1912இல் மருத்துவரானார். சட்டமன்றத்தில் அமர்ந்தார், அவ்வை இல்லத்தை நிறுவினார். இவையெல்லாம் நீங்கள் பாடப் புத்தகத்தில் படித்தவை.

1923இல் அவருடைய தங்கை புற்றுநோயால் இறந்தார். அக்காள் மருத்துவர், ஆனாலும் கண்முன்னே தங்கை துடித்து இறப்பதைத் தடுக்க முடியவில்லை. அந்த மரணத்தை அவர் மறக்கவில்லை. புற்றுநோயாளிகளுக்கென்று ஒரு மருத்துவமனை வேண்டும் என்ற எண்ணம் அந்தப் படுக்கையருகேதான் பிறந்தது.

பிறகு நடந்ததைக் கவனியுங்கள். 1935இல், சென்னை மருத்துவக் கல்லூரியின் நூற்றாண்டு விழாவின்போது அந்த எண்ணத்தை எல்லார் முன்னிலையிலும் சொன்னார். உடனே ஒன்றும் நடந்துவிடவில்லை. புற்றுநோய் வந்தால் சாவுதான், அதற்குத் தனி மருத்துவமனை எதற்கு என்று நினைத்தவர்கள் மேலிடத்திலும் இருந்தார்கள். அவர் சோர்ந்துவிடவில்லை. இந்திய மாதர் சங்கத்தின் வழியாக நிதி திரட்டினார். 1952இல் பிரதமர் நேரு அடிக்கல் நாட்டினார். 1954 ஜூன் 18ஆம் நாள் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை திறக்கப்பட்டது. அப்போது இருந்தவை 12 படுக்கைகள். முத்துலட்சுமி அம்மையாருக்கு அப்போது வயது 67.

1923இலிருந்து 1954 வரை 31 ஆண்டுகள். தங்கையின் நினைவை அவர் 31 ஆண்டுகள் நெஞ்சில் சுமந்தார். முப்பதாம் நாள் பூசையோடு நாம் முடித்துக்கொள்வதை நினைத்துப் பாருங்கள்.

அது அவரோடு நின்றுவிடவுமில்லை. மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தி அந்த மருத்துவமனைக்கே தம் வாழ்வைக் கொடுத்தார். 1955இல் டாக்டர் சாந்தா என்ற இளம் மருத்துவர் வந்து சேர்ந்தார். அந்த வளாகத்திலேயே தங்கி, 2021 ஜனவரியில் தம் 93ஆம் வயதில் இறக்கும்வரை நோயாளிகளுக்காகவே வாழ்ந்தார். 2005இல் அவருக்கு மகசேசே விருது கிடைத்தது. ஏழைகளுக்கு இலவசமாகவும் குறைந்த செலவிலும் சிகிச்சை கொடுக்கும் இடமாக அது வளர்ந்திருக்கிறது. நம் தூத்துக்குடியிலிருந்து ரயிலேறிப் போய் அங்கே பிழைத்து வந்தவர்கள் நம் பங்குகளிலேயே இருக்கிறார்கள். நூறு ஆண்டுகளுக்கு முன் இறந்த ஒரு தங்கைக்கும் அவர்களுக்கும் என்ன உறவு? ஓர் அக்காளின் கண்ணீர்தான் உறவு.

பணக்காரர்களும் இதைச் செய்திருக்கிறார்கள். சர் தொராப்ஜி டாடாவின் மனைவி மெஹர்பாய் 1931இல் இரத்தப் புற்றுநோயால் இறந்தார். அடுத்த ஆண்டே, அந்நோய் பற்றிய ஆய்வுக்காக மனைவியின் பெயரில் ஓர் அறக்கட்டளையை நிறுவிவிட்டு, அதே ஆண்டில் தொராப்ஜியும் இறந்தார். பின்பு 1941இல் டாடா குடும்பத்தின் அறநிதியைக் கொண்டு மும்பையில் டாடா நினைவு மருத்துவமனை எழுந்தது. அவர்களிடம் செல்வம் இருந்தது, கொடுத்தார்கள். ஆனால் முத்துலட்சுமி அம்மையார் கதவு கதவாகத் தட்டித்தான் தொடங்கினார். ஆகவே, கையில் பெருந்தொகை இல்லை என்று நாம் ஒதுங்கிக்கொள்ள முடியாது.

இவர்கள் நம் சபையைச் சேர்ந்தவர்கள் அல்லர். நல்ல சமாரியர் உவமையைச் சொன்ன ஆண்டவர், தம்மைச் சார்ந்தவர்களுக்குப் பாடம் கற்பிக்க வெளியில் இருப்பவரைத்தான் காட்டினார். அந்த நல்ல சமாரியர் காயத்தைக் கட்டியதோடு போய்விடவில்லை. சாவடியில் சேர்த்து, தங்கும் செலவுக்கும் பணம் கொடுத்தார், மேற்கொண்டு ஆனால் திரும்பி வரும்போது தருகிறேன் என்றும் சொல்லிவிட்டுப் போனார். நான் கேட்க மறந்த கேள்வியை அவர் மறக்கவில்லை.

திருத்தூதர் பணிகள் ஒன்பதாம் பிரிவில் யோப்பா என்ற ஊரைப் பற்றி வாசிக்கிறோம். அதுவும் நம் ஊரைப் போல ஒரு துறைமுகம்தான். அங்கே தபித்தா என்ற சீடர் நோயுற்று இறந்தார். பேதுரு வந்தபோது கைம்பெண்கள் அவரைச் சூழ்ந்து அழுதார்கள். அழுதுகொண்டே அவர்கள் எதைக் காட்டினார்கள்? தபித்தா தங்களுக்குத் தைத்துக்கொடுத்த உடைகளைக் காட்டினார்கள். அவருடைய நினைவு ஏழைகளின் உடம்பின்மேல் இருந்தது. அதைத் தொட்டுப் பார்க்க முடிந்தது.

நேயர்களே, நம் முன்னோர் முத்துக்குளித்தவர்கள். கடைசியாக நம் கடலில் முத்துச் சிலாபம் நடந்தது 1961இல். அதைக் கண்ட பெரியவர்கள் இன்று சிலரே இருக்கிறார்கள். குளியாளி இடுப்பில் கயிற்றோடு, கல்லின் பாரத்தில் அடிமண்ணுக்கு இறங்குவார். மேலே தோணியில் ஒருவர் கயிற்றைப் பிடித்திருப்பார். கீழே இருப்பவர் மூச்சுமுட்டிக் கயிற்றை அசைத்ததும் மேலே இருப்பவர் இழுக்க வேண்டும். ஒரு நொடி கவனம் தப்பினால் உயிர் போகும். அந்தக் கயிற்றைப் பிடிக்க மச்சானைத்தான் நம்பி நிறுத்துவார்களாம். தன் தங்கையின் தாலி அந்தக் கயிற்றின் மறுமுனையில் இருக்கிறது என்பது அவருக்குத் தெரியுமல்லவா?

புற்றுநோய் வந்தவர் ஆழத்துக்கு இறங்கியவர். அவரோடு நாம் கீழே போக முடியாது. அந்த வலியை நாம் வாங்கிக்கொள்ள முடியாது. ஆனால் மேலே இருந்து கயிற்றைப் பிடித்திருக்கலாம். அந்த வலியை ஏற்கெனவே பார்த்த குடும்பத்துக்குத்தான் கயிறு அசைவது முதலில் தெரியும். ஆகவே புற்றுநோயால் ஒருவரைப் பறிகொடுத்த குடும்பங்களே, உங்களிடம்தான் இன்று சிறப்பாகப் பேசுகிறேன். நீங்கள் மச்சான் இடத்தில் நிற்கிறீர்கள்.

மூன்று காரியங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

முதலாவது, நோயின் பெயரைச் சொல்லுங்கள். நம் வீடுகளில் "அந்த நோய்" என்றுதான் சொல்கிறோம். மகளுக்கு மாப்பிள்ளை அமையாது என்று மறைக்கிறோம். தட்டையும் தம்ளரையும் தனியே வைக்கிறோம். புற்றுநோய் தொட்டால் ஒட்டாது. சேர்ந்து உண்பதால் வராது. 1896இல் நியூயார்க் நகரத்தில் ரோஸ் ஹாதோர்ன் என்ற கத்தோலிக்கப் பெண்மணி, ஓர் எழுத்தாளரின் மகள், ஏழைகள் குடியிருந்த பகுதிக்கே குடிபோய் யாரும் தொட அஞ்சிய புற்றுநோயாளிகளின் புண்களைக் கழுவினார். பின்னர் தொமினிக்கன் துறவியாகி, அந்தப் பணிக்கென்றே ஒரு சபையைத் தொடங்கினார். அவர் தொடத் தயங்கவில்லை. நாம் வாய்திறந்து சொல்லவாவது வேண்டாமா? வாயில் இரண்டு மூன்று வாரம் ஆறாத புண், மார்பில் கட்டி, நேரமல்லாத நேரத்தில் இரத்தப்போக்கு என்று எது இருந்தாலும் மறைக்காமல் மருத்துவரிடம் போங்கள். நேர்ச்சை வையுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. மருத்துவரைப் பார்த்துவிட்டு வந்து வையுங்கள்.

இரண்டாவது, கேளுங்கள். நோயாளியைப் பார்க்கப் போனால் ஆரஞ்சுப் பழத்தோடு திரும்பிவிடாதீர்கள். எப்போது போக வேண்டும், யார் கூடப் போகிறார்கள், பிள்ளைகளை யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று கேளுங்கள். சிகிச்சைக்குப் போய்வரும் புற்றுநோயாளிக்கு ரயிலில் ஸ்லீப்பர் வகுப்பில் முழுச் சலுகை உண்டு, உடன் செல்பவருக்கு 75 விழுக்காடு சலுகை உண்டு. மருத்துவமனையில் உரிய படிவத்தில் சான்று வாங்க வேண்டும். இது தெரியாமல் கடன் வாங்கிப் பயணச்சீட்டு எடுப்பவர்கள் இருக்கிறார்கள். அன்பியக் கூட்டங்களில் இதைச் சொல்லுங்கள். வின்சென்ட் தே பவுல் சபையினர் படிவம் நிரப்ப உதவலாம். 1542இல் நம் கரைக்கு வந்த தூய பிரான்சிஸ் சவேரியார், நோயாளிகளின் வீடுகளுக்கெல்லாம் தாமே போக முடியாதபோது சிறுவர்களை அனுப்பிவைத்தார். நம் பங்கு இளையோர் ஒருவருக்குப் பை தூக்கிக்கொண்டு ரயில் நிலையம்வரை போகக் கூடாதா?

மூன்றாவது, உங்கள் இறந்தோரின் நினைவை உயிரோடிருப்பவருக்குக் கொடுங்கள். பூசை வையுங்கள். மக்கபேயர் காலத்திலேயே இறந்தோருக்காகக் காணிக்கை திரட்டிச் செபித்தார்கள். அந்த விசுவாசத்தைத் திருச்சபை இன்றும் காக்கிறது. பூசையோடு கூட, ஒரு நோயாளியின் ஒரு வாரத் தங்கும் செலவையும் அன்னாரின் நினைவாக ஏற்றுக்கொள்ளுங்கள்.

அந்த மீன்காரத் தாயின் குடும்பம் அதைத்தான் செய்தது. முதலாண்டு நினைவு வந்தபோது, கல்லறைக்குக் கிரானைட் போட வேண்டும் என்று சொந்தக்காரர்கள் சொன்னார்கள். மூத்த மகன் பணத்தோடு என்னிடம் வந்தார். "சாமி, அம்மாவுக்கு ஒரு பூசை வைங்க. மிச்சத்தைக் கரண்டு வைக்கப் போறவங்க யாராவது இருந்தா குடுங்க. கல்லு பொறவு பாத்துக்கிடலாம்" என்றார்.

அதன்பின் அவரும் தம்பியும் தங்கையும் மாதந்தோறும் ஆளுக்குக் கொஞ்சம் போட ஆரம்பித்தார்கள். பெயர்ப்பலகை கிடையாது. இரசீதுப் புத்தகம் கிடையாது. கோடு போட்ட ஒரு நோட்டு மட்டும் உண்டு. தங்கை அதில் கணக்கு எழுதுவார். கடலுக்குப் போகாத நாள்களில் மூத்தவர் நோயாளியோடு துணைக்கும் போய்வருவார். எந்த வாசலில் நின்றால் சீட்டு கிடைக்கும், எங்கே மலிவாகச் சோறு கிடைக்கும், எந்தத் திண்ணையில் படுக்கலாம் என்பதெல்லாம் அம்மாவோடு அலைந்தபோது அவர் கற்றுக்கொண்டவை. முன்பு அவமானமாக இருந்த அந்த அறிவு இப்போது இன்னொருவருக்கு வழிகாட்டியது. உதவி பெற்றவர்களில் சிலர் பிழைத்தார்கள், சிலர் இறந்தார்கள். ஆனால் நான் அங்கிருந்த நாள்வரை, செலவுக்கு இல்லையென்று சிகிச்சையைப் பாதியில் விட்டு வந்தவர் என்று அந்த நோட்டில் ஒருவர் பெயரும் இல்லை.

பின்பு எனக்கு இடமாற்றம் வந்தது. போகும் முன் கல்லறைத் தோட்டத்தில் அந்தத் தாயின் கல்லறையருகே நின்றேன். அப்போதும் அங்கே சிமெண்டுச் சிலுவைதான் இருந்தது. கிரானைட் போடவில்லை. அந்தத் தாயிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தேன்.

செபிப்போமாக. இலாசரின் கல்லறையருகே கண்ணீர் விட்ட ஆண்டவரே, புற்றுநோயால் இறந்த எங்கள் உறவினர்களை உமது ஒளியில் சேர்த்தருளும். இன்று இரவு வலியோடு விழித்திருப்பவர்களுக்கு அருகில் இரும். அவர்களைப் பார்த்துக்கொள்ளும் கைகளுக்குப் பலம் தாரும். மருத்துவர்களையும் செவிலியர்களையும் ஆசீர்வதியும். கயிறு அசையும்போது அதை உணரும் நெஞ்சை எங்களுக்குத் தாரும். எங்கள் பனிமய அன்னையே, நோயுற்ற உம் பிள்ளைகளுக்காக வேண்டிக்கொள்ளும். ஆமென்.

எல்லாம் வல்ல இறைவன், தந்தை, மகன், தூய ஆவியார் உங்களையும் உங்கள் குடும்பங்களையும் ஆசீர்வதிப்பாராக.